பதினைந்து மணி நேர இரவு: குளிர்காலக் கேபின் எடுப்பதற்கு முன்

நவம்பர் பிறந்ததும் நியூ ஜெர்சியில் எங்கள் எடிசன் பக்கத்து நண்பர் வட்டத்தில் ஒரே கேள்விதான் சுற்றிவரும். பிப்ரவரி மூன்றாவது திங்கள்கிழமை விடுமுறை, சேர்ந்தாற்போல் மூன்று நாள் கிடைக்கிறது, பனிக்குள் ஒரு மரக் கேபின் எடுத்துத் தங்கினால் என்ன? யாராவது ஒருவர் பென்சில்வேனியா மாநிலப் பூங்கா ஒன்றின் படத்தைக் குழுவில் போடுவார். கூரைமேல் பனி, புகைபோக்கியில் புகை, ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். அரை மணி நேரத்தில் இருபது பேர் கட்டைவிரலைத் தூக்கிவிடுவார்கள்.

அந்தப் படத்தில் கழிப்பறை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. முதல் முறை நானும் கேட்கவில்லை.

எந்தப் பூங்கா என்பது முக்கியமில்லை, தப்பு என்னுடையது. முன்பதிவு செய்தபோதே 'ரஸ்டிக்' என்று தெளிவாகப் போட்டிருந்தது. அது ஏதோ அலங்காரப் பாணி என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், ஈரோட்டிலிருந்து வந்திருந்த மாமனார், மாமியார். கழிப்பறை கேபினிலிருந்து நூற்றைம்பது அடி தள்ளி இருந்தது. பகலில் அது ஒரு தூரமே இல்லை. இரவு இரண்டு மணிக்கு, மைனஸ் 13 டிகிரி செல்சியஸில், சர்க்கரைக்காரரான அறுபத்தெட்டு வயது மனிதருக்கு பூட்ஸ் மாட்டி, கோட்டுப் போட்டு, குல்லா வைத்து, டார்ச்சை ஒரு கையிலும் அவரை மறு கையிலும் பிடித்துக்கொண்டு உறைந்த படியில் இறங்கும்போதுதான் நூற்றைம்பது அடி எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. அன்றிரவு நான்கு முறை போய்வந்தோம். மூன்றாவது முறை அவர் பாதி வழியில் நின்றார், அண்ணாந்து நட்சத்திரங்களைப் பார்த்தார், அப்புறம் கேட்டார்: "ஏங்க மாப்பிள்ளை, இதுக்குக் காசு வேற குடுத்தீங்களா?"

அதற்குப் பிறகு ஆறேழு குளிர்காலம் போய்வந்துவிட்டோம். இப்போது யாராவது கேட்டால் நான் முதலில் கணக்குத்தான் சொல்வேன். பென்சில்வேனியாவின் வடக்கு மலைப்பகுதியில் டிசம்பர் கடைசியில் சூரியன் மாலை நாலே முக்காலுக்கு முன்பே மறைந்துவிடும். மறுநாள் உதிக்க ஏறக்குறைய ஏழரை ஆகும். நடுவில் பதினைந்து மணி நேரத்துக்குப் பத்து நிமிடம்தான் குறைச்சல். பிப்ரவரி நடுவிலும் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் இருட்டு. கோடையில் கேபின் என்பது படுத்து எழும் இடம், மற்றபடி நாள் முழுக்க ஏரியிலும் மரத்தடியிலும் கழியும். குளிர்காலத்தில் அந்த நான்கு சுவருக்குள்தான் உங்கள் விடுமுறையில் பாதிக்கு மேல். ஆகவே அருவி எத்தனை அடி, பனி எத்தனை அங்குலம் என்று ஒப்பிடுவதற்கு முன்னால் மூன்றைப் பாருங்கள். கழிப்பறை உள்ளேயா வெளியேயா? சூடு விறகிலிருந்து வருகிறதா, மின்சாரத்திலிருந்தா? கடைசி பத்து மைல் சாலை எப்படி?

மாநிலப் பூங்காதான் வேண்டுமா என்றும் கேட்கலாம். போக்கனோஸ் மலைப்பக்கம் வாடகை வீடுகள் ஏராளம். வெந்நீர்த் தொட்டி, பெரிய டிவி, பில்லியர்ட்ஸ் மேசை எல்லாம் இருக்கும். மூன்று குடும்பம் சேர்ந்து விடிய விடிய சீட்டாட அதுதான் சரி. ஆனால் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கார் தெரியும். துப்புரவுக் கட்டணம், சேவைக் கட்டணம் என்று பணம் கட்டப் போகும்போது தொகை வீங்கியிருக்கும். பூங்காவிலோ கதவைத் திறந்து நாலு எட்டு வைத்தால் காடு. பென்சில்வேனியாவில் பூங்காவுக்குள் நுழையக் கட்டணமும் கிடையாது. நியூ ஜெர்சிக்காரர்களான நமக்குக் கேபின் வாடகை மட்டும் உள்ளூர்க்காரர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். பொதுவாக மதுவுக்கு அங்கே அனுமதி இல்லை. அது நல்லதா கெட்டதா என்பது உங்கள் கூட்டாளிகளைப் பொறுத்தது.

பென்சில்வேனியாவின் பூங்காத் துறை பயன்படுத்தும் சொற்களைப் புரிந்துகொண்டால் பாதி முடிவு ஆன மாதிரி. 'மாடர்ன்' என்றால் உள்ளேயே கழிப்பறை, ஷவர், வெந்நீர், மின்சார ஹீட்டர், அடுப்பு, ஃபிரிட்ஜ், இரண்டு அல்லது மூன்று படுக்கையறை. 'ரஸ்டிக்' என்றால் விளக்கும் அடுப்பும் ஃபிரிட்ஜும் உண்டு, சூட்டுக்குப் பெரும்பாலும் விறகு, தண்ணீரும் கழிப்பறையும் வெளியே. 'கேம்பிங் காட்டேஜ்' ஏறக்குறைய மரத்தில் செய்த கூடாரம். ஐந்து பேர் படுக்க அடுக்குக் கட்டில், ஹீட்டர், விளக்கு, முன்னால் சின்னத் திண்ணை, அவ்வளவுதான். 'யர்ட்' என்பது மங்கோலிய மேய்ப்பர்களின் வட்டக் கூடாரத்தைப் பார்த்துச் செய்தது, உள்ளே அடுப்பும் ஃபிரிட்ஜும் இருக்கும். எதை எடுத்தாலும் விரிப்பு, போர்வை, பாத்திரம், தட்டு எல்லாம் நாம்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே இருப்பது வெறும் மெத்தை.

இவற்றில் காட்டேஜையும் யர்ட்டையும் நான் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுகிறேன். வாடகை குறைவு, படத்தில் அழகு, எல்லாம் உண்மை. ஏப்ரல், அக்டோபரில் நானே பரிந்துரைப்பேன். ஆனால் ஒரே அறையில் ஐந்து பேர் பதினான்கு மணி நேரம் அடைந்துகிடப்பதை நினைத்துப் பாருங்கள். கழிப்பறைக்கு வெளியே போக வேண்டும், பல பூங்காக்களில் அவை குளிர்காலத்தில் மூடியும் இருக்கும். ரஸ்டிக்கில் உள்ள அத்தனை சிரமமும் இதில் உண்டு, கணப்பு மட்டும் கிடையாது.

நாக்கமிக்சன்

எடிசனிலிருந்து ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றேகால். பக்ஸ் கவுண்டியில் 1,450 ஏக்கர் ஏரி, அதன் கரையைப் பார்த்தபடி பத்து மாடர்ன் கேபின்கள், ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், பனியில் ஓட்டப் பயப்படுபவர்கள், ஊரிலிருந்து வந்த பெற்றோரை முதல் முறை அழைத்துப்போகிறவர்கள் இங்கே ஒத்திகை பார்க்கலாம். எதையாவது மறந்துவிட்டால் பக்கத்துக் குவேக்கர்டவுனில் கடை இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் இரவே கிளம்பி வீட்டுக்கு வந்துவிடலாம்.

குறை ஒன்றுதான், பனி. இது தாழ்வான இடம். நம் வீட்டு வாசலில் என்ன விழுகிறதோ அதைவிடப் பெரிதாக ஒன்றும் விழாது. இரண்டு முறை போனோம், இரண்டு முறையும் சேறுதான். ஏரி உறைந்தாற்போல் தெரியும், குழந்தைகள் இறங்கத் துடிப்பார்கள். தடிமன் நான்கு அங்குலமாவது இல்லாத பனிக்கட்டிமேல் கால் வைக்கக் கூடாது என்பது இங்கே மீன்பிடிக்கிறவர்கள் எல்லோரும் சொல்லும் பாடம். சாதுவான குளிர்காலத்தில் அந்தத் தடிமன் வரவே வராது. ஆக, கேபின் வாழ்க்கை பழக நாக்கமிக்சன். வெள்ளைப் பனிக்காக என்றால் வேண்டாம்.

ரிக்கெட்ஸ் கிளென்

என்னுடைய ஓட்டு இதற்குத்தான் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். எடிசனிலிருந்து ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். 13,000 ஏக்கருக்கு மேல் பரந்த காடு. அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையில் வடக்குப் படையின் பீரங்கிப் பிரிவை நடத்திய ராபர்ட் புரூஸ் ரிக்கெட்ஸின் சொத்தாக இருந்த நிலம் இது. 1930களில் இதைத் தேசியப் பூங்காவாக்கும் திட்டம் இருந்தது. இரண்டாம் உலகப் போர் வந்து அது நின்றுபோக, மாநிலம் வாங்கிக்கொண்டது. நம் நல்ல காலம் என்றுதான் சொல்வேன். தேசியப் பூங்கா ஆகியிருந்தால் பிப்ரவரியிலும் இடம் கிடைத்திருக்காது.

லேக் ஜீன் என்ற 245 ஏக்கர் ஏரிப்பக்கம் பத்து மாடர்ன் கேபின்கள். இடம் மலைமேல், கடல்மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு மேல். கீழே பென்டன் ஊரில் மழை தூறும்போது மேலே பனி விழும். எங்கள் பிள்ளைகள் முதன்முதலில் முழங்கால் ஆழப் பனியைப் பார்த்தது இங்கேதான். உள்ளே ஹீட்டர் ஓடுகிறது, குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது, மாமனார் நடுராத்திரியில் யாரையும் எழுப்பாமல் தானே போய்வருகிறார். இதையெல்லாம் ஒரு சுற்றுலாக் கட்டுரையில் எழுதுவது அற்பமாகத் தோன்றலாம். மூன்று தலைமுறை சேர்ந்து போகும்போது விடுமுறை நிற்பதும் விழுவதும் இதில்தான்.

இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள். முதலாவது, அருவிகள். ரிக்கெட்ஸ் கிளென் என்றால் எல்லோர் நினைவுக்கும் வருவது இருபதுக்கு மேற்பட்ட அருவிகளைத் தொட்டுச்செல்லும் 7.2 மைல் பாதை. அதில் உயரமானது 94 அடி கனோகா. குளிர்காலத்தில் அந்தப் பாதை நமக்கல்ல. பனிக்கோடரி, கயிறு, பூட்ஸுக்கடியில் மாட்டும் இரும்புமுள் எல்லாம் வைத்திருக்கும் பனியேற்றக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி. அருவித் திவலை படிக்கல்மேல் விழுந்து விழுந்து உறைந்து, பாதையே கண்ணாடிச் சரிவாகிவிடும். "எனக்கு ஒன்றும் ஆகாது" என்று சாதாரண ஷூவோடு இறங்குகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவராக வேண்டாம். அருவி பார்த்தே ஆக வேண்டும் என்றால் மலையடிவாரத்தில் 118ஆம் எண் சாலையோரத்து வண்டி நிறுத்தத்திலிருந்து ஆடம்ஸ் அருவி சில நிமிட நடைதான். அதற்கும் பூட்ஸுக்கு முள்பட்டை மாட்டிக்கொள்ளுங்கள். மற்றபடி ஏரியைச் சுற்றி நடக்கலாம், சறுக்கலாம், பனிக்கட்டியில் துளையிட்டு மீன்பிடிக்கிறவர்களை வேடிக்கை பார்க்கலாம். அருவிக்காகவே இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் மே மாதம் வாருங்கள்.

இரண்டாவது, சாலை. ரெட் ராக்கிலிருந்து லேக் ஜீன் வரை ஏறும் 487ஆம் எண் சாலை மிகச் செங்குத்தானது. கனமான டிரெய்லர் வண்டிகள் அந்த ஏற்றத்தைத் தவிர்த்து வடக்கே டுஷோர் வழியாக வர வேண்டும் என்பது கோடைக்கும் சேர்த்துப் பூங்கா சொல்லும் அறிவுரை. நம் கைபேசி வரைபடம் இதையெல்லாம் பார்க்காது, குறுக்குவழி என்று அதே ஏற்றத்தில்தான் கொண்டுபோய்விடும். புதுப்பனி விழுந்த அன்று சாதாரணக் காரில் அதில் ஏறிப் பார்க்க வேண்டாம். டுஷோர் சுற்றுவழிக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் கூடும், கூடட்டும். அல்லது பென்டனில் ஒரு காப்பி குடித்துவிட்டு, பனி அள்ளும் லாரி போய்வரும்வரை காத்திருங்கள். இருட்டுவதற்குள் மேலே சேர வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அதற்கு எடிசனில் பகல் பதினொரு மணிக்குள் வண்டி கிளம்ப வேண்டும். மாலையில் வேலை முடித்து வெள்ளிக்கிழமை கிளம்பும் பழக்கத்தைக் குளிர்காலத்தில் கைவிடுங்கள்.

வேர்ல்ட்ஸ் எண்ட்

ரிக்கெட்ஸ் கிளெனுக்கு மேற்கே முக்கால் மணி நேரத்தில் இருக்கிறது வேர்ல்ட்ஸ் எண்ட். பெயரே 'உலகின் முடிவு'. லாயல்சாக் ஓடை வளைந்து வளைந்து போகும் குறுகிய பள்ளத்தாக்கு. இங்கே பத்தொன்பது ரஸ்டிக் கேபின்கள், மரக்கட்டை அடுக்கிக் கட்டியவை, குளிர்காலத்திலும் வாடகைக்குக் கிடைக்கும். கல்லில் கட்டிய கணப்பு, அதற்குள் பொருத்திய இரும்பு விறகு அடுப்பு. 1987 முதல் இந்தக் கேபின் தொகுதி நாட்டின் வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இருக்கிறது.

இவற்றைக் கட்டியவர்கள் பதினெட்டு வயதிலிருந்து இருபத்தைந்துக்குள் இருந்த இளைஞர்கள். பெரும் பொருளாதாரச் சரிவின்போது ரூஸ்வெல்ட் 1933இல் தொடங்கிய வேலைத்திட்டத்தில் சேர்ந்தவர்கள், சுருக்கமாக 'சிசிசி பையன்கள்'. மாதச் சம்பளம் 30 டாலர், அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். ராணுவ முகாம் மாதிரி தங்கி மரம் நட்டார்கள், அணை கட்டினார்கள், பாதை வெட்டினார்கள், இந்தக் கேபின்களை எழுப்பினார்கள். 1942இல் போர் வந்து திட்டம் முடிந்தது. சுவரில் கை வைத்தால் கோடரி செதுக்கிய தடம் தட்டுப்படும். அந்த மரச்சுவருக்கு முன்னால் விறகு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு ஈடாக எந்த மாடர்ன் கேபினையும் சொல்ல முடியாது. என் மனம் கேட்பது இதைத்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓட்டுப் போட்டது வேறு ஒன்றுக்கு என்றாலும்.

மனம் கேட்பதற்கு உடம்பு தரும் விலையைச் சொல்ல வேண்டும். விறகடுப்பு வளர்ப்புப் பிராணி மாதிரி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை தீனி போட வேண்டும். இரவு பத்து மணிக்கு அறை கொதிக்கும், எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றுவார்கள். விடியற்காலை நாலரைக்கு மூக்கு நுனி சில்லிட்டு விழிப்பு வரும். அடுப்புக்கு எதிரே படுத்தவருக்கு வேர்வை, ஜன்னலோரம் படுத்தவருக்கு நடுக்கம். யார் எழுந்து கட்டை போடுவது என்று முன்கூட்டியே முறை வகுத்துக்கொள்ளாத கூட்டத்தில் காலையில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். வெளிக் கழிப்பறை கதையை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். குளிக்கும் கட்டடம் நீங்கள் போகும் மாதத்தில் திறந்திருக்குமா, தண்ணீர் எங்கே பிடிப்பது என்பதைப் பதிவு செய்வதற்கு முன் பூங்கா அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. எந்தப் பூங்காவின் ரஸ்டிக் கேபினுக்கும் இதைச் செய்யுங்கள்.

பள்ளத்தாக்கு என்பதால் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே ஒளிந்துகொள்ளும். மலைமேல் கேன்யன் விஸ்டா என்று ஒரு காட்சிமுனை உண்டு, பனிக்காலத்தில் அங்கே ஏறும் வண்டிப்பாதையை நம்ப முடியாது, நடந்துதான் போக வேண்டும். ஆனால் பக்கத்தில் ஈகிள்ஸ் மியர் என்ற சின்ன ஊரில் ஒரு அதிசயம். ஏரியிலிருந்து பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து, ஊர்த்தெருச் சரிவில் பதித்து, ஏரிவரை நீளும் சறுக்குப்பாதை போடுவார்கள். 1904இலிருந்து நடக்கிற வழக்கம். நீளமான மரப்பலகையில் வரிசையாக உட்கார்ந்து கீழே பாய்வார்கள். ஏரிப் பனிக்கட்டி போதிய தடிமன் ஆனால்தான் நடக்கும், குளிர் போதாத ஆண்டில் கிடையாது. போகும் வாரம் விசாரித்துக்கொண்டு போங்கள். ரிக்கெட்ஸ் கிளெனில் தங்குகிறவர்களும் இங்கே வந்து போகலாம்.

ஆக, நண்பர்கள் நான்கு பேர், அல்லது பிள்ளைகள் பன்னிரண்டு வயதைத் தாண்டிய குடும்பம் என்றால் வேர்ல்ட்ஸ் எண்டை எடுங்கள். டிசம்பர், ஜனவரி வேண்டாம், பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் முதல் வாரம். பகல் பதினொரு மணி நேரத்தைத் தாண்டியிருக்கும், பனியும் மிச்சமிருக்கும். முழங்கால் வலிக்காரர், சர்க்கரைக்காரர், கர்ப்பிணி, டயப்பரை விட்டு ஆறு மாதம் ஆகாத குழந்தை, இவர்களில் ஒருவர் இருந்தாலும் வேண்டாம். கூட்டத்திலேயே பலவீனமானவருக்கு எது சரியோ அதுதான் எல்லோருக்கும் சரி.

தூரத்து இரண்டு

பனி நிச்சயம் வேண்டும், சொகுசும் வேண்டும் என்கிறவர்களுக்கு மேற்கு வர்ஜீனியாவின் பிளாக்வாட்டர் ஃபால்ஸ். எடிசனிலிருந்து சுமார் ஆறு மணி நேரம். அலிகெனி மலையின் மேல்தளம், பெரிய ஏரிகளின் ஈரத்தைச் சுமந்து வரும் காற்று மலையில் மோதிப் பனியாகக் கொட்டும். ஆண்டுக்கு நூறு அங்குலத்துக்கு மேல் எதிர்பார்க்கலாம். 57 அடி அருவி கறுந்தேநீர் நிறத்தில் விழும். ஹெம்லாக், ஸ்ப்ரூஸ் மரங்களின் உதிர்ந்த ஊசியிலைகளிலிருந்து இறங்கும் துவர்ப்புச் சாறு தண்ணீருக்குக் கொடுக்கும் நிறம் அது. பாதி உறைந்து, வெள்ளைப் பாளங்களுக்கு நடுவே பழுப்பு நீர் ஒழுகுவதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

இங்கே கேபினில் கணப்பு, சமையலறை, குளியலறையோடு விரிப்பும் துண்டும் பாத்திரமும்கூடத் தருகிறார்கள். சமைக்க அலுப்பாக இருந்தால் பூங்கா விடுதியிலேயே உணவகம் இருக்கிறது. கால் மைல் நீளச் சறுக்குப்பாதை, கீழே வந்ததும் நகரும் பட்டை உங்களை மேலே கொண்டுபோய்விடும், குழந்தையைத் தோளில் சுமந்து மலையேற வேண்டியதில்லை. அதற்கு முன்பதிவு வேண்டும், விடுமுறை நாட்களில் சட்டென்று தீர்ந்துவிடும். பத்து மைல் தெற்கே கேனன் பள்ளத்தாக்கில் பனிச்சறுக்குக்கு இடங்கள் உண்டு. இவ்வளவு சொல்லியும் ஏன் இதை முதலிடத்தில் வைக்கவில்லை? ஆறு மணி நேரம் என்பது நல்ல வானிலைக் கணக்கு. இரண்டு இரவுக்காகப் பன்னிரண்டு மணி நேரம் வண்டியில் உட்காருவது வீண். மூன்று இரவாவது வேண்டும், நான்கானால் நல்லது. கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க விடுமுறை கிடைக்கிறவர்களுக்கு மட்டும் இதுவே என் முதல் தேர்வு.

நியூயார்க் மாநிலத்தின் மேற்கு மூலையில் அலிகெனி பூங்கா இருக்கிறது. 65,000 ஏக்கர், அந்த மாநிலம் நடத்தும் மாநிலப் பூங்காக்களிலேயே பெரியது, 1921இல் தொடங்கியது. கேபின்கள் முந்நூறுக்கு மேல், அவற்றில் நூற்றுக்கும் அதிகமானவை குளிர்காலத்திலும் தங்கக்கூடியவை. ஆகவே மற்ற எல்லா இடமும் நிரம்பிய பிறகும் இங்கே கிடைக்க வாய்ப்புண்டு. காட்டுக்குள் நெடுந்தூரம் சறுக்கிப்போகும் நீள்பனிச்சறுக்குப் பாதைகள் மிக நன்றாகப் பராமரிக்கப்படுகின்றன. ஆனால் பெரும்பாலான கேபின்களில் தண்ணீரும் கழிப்பறையும் உள்ளே இல்லை, எடிசனிலிருந்து இதுவும் ஏறக்குறைய ஆறு மணி நேரம். சறுக்குப் பைத்தியம் பிடித்தவர்கள் போகட்டும். பஃபலோ, ரோசெஸ்டர் பக்கம் இருப்பவர்களுக்குக் கணக்கே வேறு, அவர்களுக்கு இதுதான் பக்கத்து வீடு.

எந்த இடமானாலும் நடுவில் இருக்கும் நெடுஞ்சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. 80, 81ஆம் எண் நெடுஞ்சாலைகளில் திடீர் பனிச்சுழல் வரும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும், ஒரு வளைவு தாண்டினால் முன்னால் போகும் வண்டி காணாமல் போயிருக்கும். 2022 மார்ச் 28 அன்று ஸ்கூல்கில் கவுண்டியில் 81ஆம் எண் சாலையில் இப்படி வந்த சுழலில் எண்பது வண்டிகள் மோதிக்கொண்டன, ஆறு பேர் இறந்தார்கள். தேதியைக் கவனியுங்கள், மார்ச் கடைசி. கைபேசியில் பனிச்சுழல் எச்சரிக்கை அலறினால் அடுத்த வெளிவழியில் இறங்கிவிடுங்கள். மின்சாரக் கார்க்காரர்கள் குளிரில் பேட்டரி வேகமாகக் கரையும் என்பதைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். வேர்ல்ட்ஸ் எண்ட் இருக்கும் சல்லிவன் கவுண்டி மலைகளுக்குள் சார்ஜ் போட இடம் தேடி அலைய முடியாது.

விறகை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகக் கூடாது. இது சும்மா ஒரு விதி என்று நானும் நினைத்திருந்தேன். ஆசியாவிலிருந்து வந்து, 2002இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட பச்சை நிறத் துளைப்பான் வண்டு, விறகுக் கட்டைகளோடு மாநிலம் மாநிலமாகப் பயணம் செய்து ஆஷ் மரங்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றிருக்கிறது. நம் பக்கத்தில் கோடையில் சுவரெல்லாம் அப்பும் புள்ளித் தத்துப்பூச்சி 2014இல் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியில் தென்பட்டது. குளிர்காலத்தில் அதன் முட்டைதான் உயிரோடு இருக்கும். கட்டையில் காய்ந்த சேறு பூசினாற்போல இருப்பதால் கண்ணுக்கே தெரியாது. பூங்காவை நெருங்கும்போது பண்ணை வீட்டு வாசல்களில் விறகுக்கட்டு அடுக்கி, பக்கத்தில் காசு போட ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். ஆள் இருக்காது. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

சமையல் விஷயத்தில் எங்கள் அனுபவம்: கேபின் சின்னது, புகை எச்சரிக்கைக் கருவி அடுப்பிலிருந்து ஆறடியில். காய்ந்த மிளகாய் எண்ணெயில் விழுந்த பத்தாவது விநாடி அது கத்தும், ஜன்னலைத் திறந்தால் அரை மணி நேரச் சூடு போய்விடும். வீட்டிலேயே புளிக்காய்ச்சலும் தக்காளித் தொக்கும் செய்து பாட்டிலில் அடைத்துக்கொண்டு போய்விடுகிறோம், அங்கே சோறு மட்டும். குளிருக்கு ரசம் வேண்டுமே என்றால் அதற்கும் தாளிப்பைத் தனியாக எடுத்துப் போகலாம். வெளியே இறைச்சி சுட்ட கரி அடுப்பை "கொஞ்சம் சூடாக இருக்கட்டும்" என்று உள்ளே கொண்டுவருவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

கடைசியாக, எப்போது பதிவு செய்வது. பென்சில்வேனியாவில் பதினொரு மாதத்துக்கு முன்பே திறந்துவிடுவார்கள். அதாவது அடுத்த பிப்ரவரி நீள வார இறுதிக்கு இந்த மார்ச்சிலேயே உட்கார வேண்டும், நவம்பரில் குழுவில் படம் போட்டால் மாடர்ன் கேபின் கிடைக்காது. கைவிடப்பட்ட பதிவுகள் மறுபடி வரும், போகும் தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து தினம் ஒருமுறை பார்த்தால் சிக்கும். எங்களுக்கு இரண்டு முறை அப்படித்தான் கிடைத்தது. தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த இரண்டு வாரத்தைத் தொடாதீர்கள். அந்தச் சனிக்கிழமைதான் அங்கே துப்பாக்கியோடு மான் வேட்டை தொடங்குகிறது, கேபின்களை வேட்டைக்காரர்கள் பிடித்துவிடுவார்கள், பூங்காக்களின் பெரும்பகுதியில் வேட்டைக்கு அனுமதியும் உண்டு. அப்போதுதான் தேதி கிடைக்கிறது என்றால் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பளிச்சென்ற ஆரஞ்சு மேல்சட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரநாளில் இரண்டு இரவு விடுப்பு எடுக்க முடிந்தவர்களுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. ஜனவரிச் செவ்வாய்க்கிழமையில் லேக் ஜீன் பக்கம் பத்தில் ஏழு கேபின் காலியாகக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.